லாங் மெல்ஃபோர்ட் பங்குக் கோயில்: சுவரில் பெயர் எழுதியவர்கள் கேட்டது என்ன?

ஏட்டுச்சுவடி எழுதியது:

இங்கிலாந்துக் கோயில்கள் என்று பேச்சு வந்தாலே கேன்டர்பரி, யார்க், சாலிஸ்பரி என்று பேராலயங்களுக்குத்தான் போகிறோம். ஆனால் இடைக்காலத்தில் அந்த நாட்டுச் சாதாரண மனிதர் ஞானஸ்நானம் பெற்றதும் திருமணம் செய்துகொண்டதும் புதைக்கப்பட்டதும் தன் ஊர்ப் பங்குக் கோயிலில்தான், அதாவது அந்த ஊராருக்கென்று இருந்த கிறிஸ்தவக் கோயிலில். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை அதற்குத்தான் கொடுத்தார். பேராலயத்தை வாழ்நாளில் ஒருமுறையாவது பார்த்தாரா என்பதே சந்தேகம். அதனால் ஒரே ஒரு பங்குக் கோயிலை எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், ஸ்டவர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், லாங் மெல்ஃபோர்ட் என்று ஓர் ஊர். அதன் வடகோடியில், பெரிய புல்வெளிக்கு மேலே பரிசுத்த திரித்துவக் கோயில் நிற்கிறது. நார்மன் படையெடுப்புக்கு முன்பே, எட்வர்ட் தி கன்ஃபெஸர் என்ற அரசரின் காலத்திலேயே (1042-1066) அங்கே ஒரு கோயில் இருந்தது. அந்த ஊரும் கோயில் உரிமையும் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துக்குத் தானமாகப் போயின. அந்தப் பழைய கட்டடம் எப்படி இருந்தது என்று சொல்ல ஒரு வரிக் குறிப்புகூட மிஞ்சவில்லை. இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் 1467 முதல் 1497 வரையிலான முப்பது ஆண்டுகளில் புதிதாக எழுந்தது.

பணம் கம்பளித் துணி வியாபாரத்திலிருந்து வந்தது. பச்சைக் கம்பளியாக ஏற்றுமதி செய்தால் அரசுக்குக் கட்ட வேண்டிய தீர்வை அதிகம். துணியாக நெய்து அனுப்பினால் குறைவு. அதனால் 15ஆம் நூற்றாண்டில் ஸ்டவர் பள்ளத்தாக்கு முழுக்கத் தறிகள் பெருகின. அந்த வியாபாரிகளும் அவர்களுக்கு நடுவே நின்ற ஜான் கிளாப்டன் என்ற நிலக்கிழாரும் சேர்ந்து கட்டியதுதான் இந்தக் கோயில்.

கிளாப்டன் பக்கத்திலுள்ள கென்ட்வெல் மாளிகைக்காரர். லங்காஸ்டர், யார்க் குடும்பங்கள் அரியணைக்காக மோதிக்கொண்ட ரோஜாப் போர்களில் லங்காஸ்டர் பக்கம் நின்றவர். 1462இல் ஆக்ஸ்ஃபோர்ட் பிரபுவோடும் இன்னும் சிலரோடும் ராஜதுரோகக் குற்றச்சாட்டில் கைதானார். அந்தக் கூட்டத்தில் மற்றவர்கள் தலையை இழந்தார்கள். கிளாப்டன் மட்டும் உயிரோடு வீடு திரும்பினார். அதற்கு ஐந்து ஆண்டு கழித்துத்தான் கோயில் வேலை ஆரம்பமாகிறது. பிழைத்து வந்த மனிதன் கட்டிய கோயில் என்று இதைப் பார்ப்பது தவறில்லை என்பது என் எண்ணம்.

என்னை இந்தக் கோயிலோடு கட்டிப்போட்டது அதன் வெளிச்சுவர். கூரையின் விளிம்பை ஒட்டி, நீள நெடுக, பணம் கொடுத்தவர்களின் பெயர்களைப் பதித்திருக்கிறார்கள். பெயர் மட்டுமல்ல, ஒவ்வொன்றும் 'இன்னாரின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்று தொடங்குகிறது. ரோஜர் மோரியெல், அவருடைய மனைவியர் மார்கரெட், கேத்தரின் ஆகியோரின் ஆன்மாக்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள், அவர்களுடைய பொருளைக் கொண்டு இந்த ஆறு வளைவுகளும் புதுப்பிக்கப்பட்டன, பெரிய பீடத்தின் பலகையும் செய்யப்பட்டது என்று ஓர் எழுத்துத்தொடர், 1481 என்ற ஆண்டோடு. நடந்துபோகிறவன் தலை நிமிர்ந்து படித்து, ஒரு நிமிடம் நின்று செபிக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சுவர்.

தறிநாடா எழுதியது:

நல்ல தொடக்கம். ஆனால் 'பிழைத்து வந்த மனிதன் கட்டிய கோயில்' என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை சார். பணக்காரர்கள் தங்கள் பெயரை ஊருக்கே தெரிகிற உயரத்தில் எழுதி வைத்தார்கள். பக்கத்து ஊர் லாவென்ஹாமில் என்ன நடந்தது? பாஸ்வொர்த் போர் (1485) முடிந்த பிறகு 13ஆவது ஆக்ஸ்ஃபோர்ட் பிரபுவும் ஸ்பிரிங் என்ற துணி வியாபாரக் குடும்பமும் சேர்ந்து அங்கே 141 அடிக் கோபுரம் எழுப்பினார்கள். ஊருக்கு ஊர் போட்டி. இதில் பக்தி எவ்வளவு, பகட்டு எவ்வளவு?

அப்புறம், அந்தத் துணியை யார் நெய்தது? வியாபாரி கம்பளியை வாங்கி வீடு வீடாகக் கொடுப்பார். பெண்களும் பிள்ளைகளும் சிக்கெடுத்து நூற்பார்கள், தறிக்காரர் நெய்வார், துவைத்து மிதித்துக் கெட்டியாக்குபவர் ஒருவர், சாயம் போடுபவர் ஒருவர். எல்லாருக்கும் கூலி வியாபாரி வைத்ததுதான். அவர்களில் ஒருவர் பெயராவது அந்த விளிம்பில் உண்டா?

1525இல் எட்டாம் ஹென்றியின் பிரான்ஸ் போருக்காக அவருடைய தலைமை அமைச்சர் கார்டினல் வுல்சி ஒரு புது வரி கேட்டார். 'அன்புக் கொடை' என்று பெயர், ஆனால் சொத்தில் ஆறில் ஒரு பங்கு வரை வசூல். வியாபாரிகள், இந்த வரியைக் கட்டினால் வேலைக்காரர்களுக்குக் கூலி தர முடியாது என்று ஆட்களை நிறுத்தினார்கள். லாவென்ஹாமில் சுமார் 4,000 பேர் கூடிவிட்டார்கள். உங்கள் தலைவன் யார் என்று நார்ஃபோக் பிரபு கேட்டபோது, 'எங்கள் தலைவன் பெயர் வறுமை' என்று ஒருவர் பதில் சொன்னதாக அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தப் பெரிய கோபுரம் எழுந்த ஊரில் திரண்டவர்களின் பதில் இது. இதையும் சேர்த்துத்தான் இந்தக் கோயில்களின் வரலாற்றைப் பேச வேண்டும்.

மணியோசை எழுதியது:

தறிநாடா அண்ணா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு அக்கால விசுவாசத்தை உள்ளிருந்து பார்க்க வேண்டும்.

அவர்கள் நம்பியது இது: சாகும்போது பெரும்பாலோர் நேராக மோட்சத்துக்கும் போவதில்லை, நரகத்துக்கும் போவதில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தில் தங்கள் பாவத்தின் தண்டனையை அனுபவித்துத் தூய்மையாகிறார்கள். உயிரோடிருப்பவர்கள் செபித்தால், பூசை ஒப்புக்கொடுத்தால், அந்தக் காலம் குறையும். அப்படியானால் செத்தவனுக்கு மிகப் பெரிய பயம் மறக்கப்படுவதுதான். பிள்ளைகள் இருக்கும் வரை பெயர் சொல்வார்கள், அதற்கு அப்புறம்? அதனால்தான் கோயிலுக்குக் கிண்ணம் கொடுத்தவர், மெழுகுதிரிக்குப் பணம் வைத்தவர் எல்லார் பெயரையும் ஒரு பட்டியலில் எழுதி வைத்துப் பங்குக் குரு சபையில் வாசிப்பார். பெரிய தொகை வைத்தவர்களுக்குத் தனிப் பீடம், தினமும் பூசை வைக்கத் தனிக் குரு. எங்கள் பங்கில் இன்றும் நவம்பர் 2 அன்று இறந்தோர் பெயர்களை வரிசையாக வாசிக்கிறார்கள். அந்த வழக்கத்தின் வேர் இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான்.

அதனால் பெயரை உயரத்தில் எழுதியதை வெறும் பகட்டு என்று தள்ள என்னால் முடியவில்லை. அது யாசகம். பணக்காரன் தெருவில் போகிற ஏழையிடம் கேட்ட யாசகம். ஏழையின் செபத்துக்கு அதிக மதிப்பு என்று நம்பினார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். மரண சாசனங்களில் ஏழைகளுக்கு அப்பமும் காசும் எழுதி வைத்ததற்கும் இதுதான் காரணம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மணியோசை சொன்னதற்கு நேரான சான்று கோயிலிலேயே இருக்கிறது. கிழக்குப் பக்கம், பெரிய பீடத்தின் பின்சுவருக்கு அப்பால், மாதா சிற்றாலயம் என்று கிட்டத்தட்டத் தனிக் கட்டடம் ஒன்று உண்டு. மூன்று முக்கோணக் கூரைகள், நடுவில் சிறு அறை, சுற்றிவர நடைவழி. அதன் வெளிச்சுவரில் 1496 என்ற ஆண்டோடு கிளாப்டனின் எழுத்துத்தொடர். கடைசியில் லத்தீனில் ஒரு வரி: நான் இவற்றைக் காட்சிக்கு வைத்தது புகழ் பெறுவதற்காக அல்ல, ஆன்மா நினைக்கப்படுவதற்காக, இதற்குக் கிறிஸ்துவே சாட்சி.

தறிநாடா கேட்ட அதே கேள்வியை அன்றைக்கே யாரோ கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இப்படி ஒரு பதிலைக் கல்லில் பதிக்க வேண்டிய தேவை என்ன? கிளாப்டன் மறு ஆண்டே, 1497இல் இறந்துவிட்டார்.

அவருடைய கல்லறையையும் பாருங்கள். பீடத்தின் வடபுறச் சுவரில், அவருடைய சொந்தச் சிற்றாலயத்துக்கும் பீடப்பகுதிக்கும் நடுவில், சுவரைத் திறந்து வைத்த இடத்தில் இருக்கிறது. மேல் வளைவில் உயிர்த்த கிறிஸ்துவின் ஓவியம், பக்கவாட்டில் கிளாப்டனும் மனைவியும். புனித வெள்ளியன்று நற்கருணையையும் (பூசையில் அர்ச்சித்த அப்பம்) சிலுவையையும் அடையாளக் கல்லறை ஒன்றில் வைத்து மூடி, உயிர்ப்பு ஞாயிறு விடியலில் எடுப்பது அக்கால வழக்கம். அந்தக் கல்லறை ஆண்டுதோறும் இவருடைய கல்லறை மேல்தான் ஜோடிக்கப்பட்டது. கிறிஸ்து எழும் இடத்துக்கு நேர் கீழே தன்னைப் புதைக்கச் சொன்ன மனிதர் அவர். பக்கத்துச் சிற்றாலயத்தின் சுவரின் மேல் விளிம்பில், ஜான் லிட்கேட் எழுதிய பக்திக் கவிதைகளைத் தாள் சுருள் போல வரைந்த பட்டையில் சுற்றிவர எழுதியிருக்கிறார்கள். லிட்கேட் பரி மடத்துத் துறவி, அந்த வட்டாரத்துக்காரர்.

தொழிலாளர் பெயர் இல்லை என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. லாவென்ஹாம் கதையை இந்த இழையில் கொண்டுவந்ததற்கு நன்றி.

கட்டடப்பொறி எழுதியது:

எல்லாரும் எழுத்தைப் பேசுகிறீர்கள், அந்த எழுத்து எப்படி அங்கே ஏறியது என்று நான் சொல்கிறேன்.

சஃபோக் அடங்கிய கிழக்கு ஆங்கிலியா வட்டாரத்தில் நல்ல கட்டடக் கல் கிடையாது. கிடைப்பதெல்லாம் சுண்ணப் படிவத்திலிருந்து வரும் சிக்கிமுக்கிக் கல். உருண்டை உருண்டையாக இருக்கும், மூலை வராது, தூண் செய்ய முடியாது. அதனால்தான் அந்தப் பக்கத்துப் பழைய கோயில்கள் பலவற்றின் கோபுரம் வட்டமாக இருக்கிறது. மூலைக்குக் கல் வேண்டாமே. செதுக்கும் கல் வேண்டுமென்றால் வெளியிலிருந்து படகில் கொண்டுவர வேண்டும், செலவு எகிறும்.

15ஆம் நூற்றாண்டுக் கொத்தர்கள் இந்தக் குறையையே அலங்காரமாக்கிவிட்டார்கள். சிக்கிமுக்கிக் கல்லை உடைத்தால் உள்ளே கறுப்பாக, கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக ஒரு முகம் வரும். வெள்ளைக் கல்லில் எழுத்தையோ கோலத்தையோ வெட்டி, நடுவே உள்ள பள்ளங்களில் இந்தக் கறுப்பு முகத்தை வெளியே காட்டிச் சமமாகப் பதித்தார்கள். கறுப்புக்கு நடுவே வெள்ளை எழுத்து, தூரத்திலிருந்தே படிக்கலாம். சுண்ணாம்புச் சாந்து இறுகுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பதால் ஒரு பருவத்தில் சில அடிகளுக்கு மேல் சுவரை ஏற்ற முடியாது. முப்பது ஆண்டு ஆனதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொரு விஷயம். சுவரை முடிந்தவரை மெல்லியதாக்கி, ஜன்னலைப் பெரிதாக்கி, கூரைக்குக் கீழே இன்னொரு வரிசை ஜன்னலும் வைத்திருக்கிறார்கள். நடுக்கூடம் மட்டுமே 150 அடிக்கு மேல். இங்கிலாந்துப் பங்குக் கோயில்களிலேயே மிக நீளமான நடுக்கூடம் இதுதான் என்று சொல்வார்கள். மேற்குக் கோபுரம் மட்டும் பழையதல்ல. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்னல் விழுந்து பழைய கோபுரம் போனது, செங்கல்லில் ஒன்று கட்டினார்கள். 1898க்கும் 1903க்கும் இடையில் ஜி. எஃப். பாட்லி என்ற கட்டடக் கலைஞர் அந்தச் செங்கல்லைச் சுற்றிக் கல்லும் சிக்கிமுக்கியும் போர்த்திப் புதுக் கோபுரமாக்கினார். மற்ற பகுதிகளோடு நன்றாகவே பொருந்துகிறது.

புதுவாசகன் எழுதியது:

எனக்கு இரண்டு சந்தேகங்கள். ஒன்று, கோயிலை யார் பராமரிக்க வேண்டும்? மடத்தின் கையில் உரிமை இருந்தது என்றால் மடம்தானே செலவு செய்ய வேண்டும்? இரண்டு, இப்படிப்பட்ட கோயில்களில் இருந்த சிலைகளையும் ஓவியங்களையும் எல்லாம் அழித்தது குரோம்வெல்தானே?

ஸ்டவர்க்கரை எழுதியது:

முதல் கேள்விக்கு: கோயிலை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பீடப்பகுதியின் பராமரிப்பு பத்தில் ஒரு பங்கு வரியை வாங்குகிறவரின் பொறுப்பு. மக்கள் நிற்கும் நடுக்கூடமும் கோபுரமும் ஊராரின் பொறுப்பு. நடுவே சித்திர வேலைப்பாடு செய்த மரத்தட்டி. ஊரார் பொறுப்புக்காக ஆண்டுதோறும் வார்டன்கள் என்ற கோயில் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் பீர் காய்ச்சி விருந்து வைத்துப் பணம் திரட்டுவார்கள், கோயில் ஆடுகளைக் குத்தகைக்கு விடுவார்கள், கணக்கு எழுதுவார்கள். சாதாரண மக்கள் தாங்களே நடத்திய நிர்வாகம் அது. அந்தக் கணக்குப் புத்தகங்கள்தான் இன்று வரலாற்றுக்குப் பொக்கிஷம்.

இந்தப் பிரிவினை செத்துப்போன சட்டம் என்று நினைக்காதீர்கள். வார்விக்‌ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ என்ற ஊரில், முன்பு கோயில் வரியோடு பிணைந்திருந்த நிலத்தை வைத்திருந்த ஒரு தம்பதியிடம் பீடப்பகுதியைப் பழுதுபார்க்கப் பணம் கேட்டார்கள். வழக்கு அன்றைய உச்ச முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை வரை போய், 2003இல் தம்பதிக்கு எதிராகத் தீர்ப்பானது. தொகை 1,86,000 பவுண்டுக்கு மேல். இடைக்காலக் கடமை ஒன்று 21ஆம் நூற்றாண்டுக் குடும்பத்தின் தலையில் விழுந்தது. அதன் பிறகு, 2013 அக்டோபருக்குள் இந்தக் கடமையை நிலப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்று விதி வந்தது.

இரண்டாவது கேள்வி: இரண்டு குரோம்வெல்கள் உண்டு, நூறு ஆண்டு இடைவெளியில். தாமஸ் குரோம்வெல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர். மடங்களை மூடியது அவர் காலத்தில். பரி மடம் 1539இல் மூடப்பட்டது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்கும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1538இல் ஆணையிட்டதும் அவரே. ஆலிவர் குரோம்வெல் 1640களின் உள்நாட்டுப் போர்க்காலத்தவர். ஆனால் பங்குக் கோயில்களின் உட்புறத்தை உண்மையில் காலி செய்தது இருவருக்கும் நடுவே வந்த சிறுவன் ஆறாம் எட்வர்டின் புராட்டஸ்டண்ட் ஆட்சி, 1547 முதல் 1553 வரை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஆமாம், அந்த ஆறு ஆண்டுகள்தான் இந்த இழையின் மையம்.

1547இல் ஊர்வலங்களுக்குத் தடை. அதே ஆண்டின் இறுதியில் ஒரு சட்டம், இறந்தோருக்குப் பூசை வைக்க ஏற்படுத்திய அறக்கட்டளைகள் எல்லாவற்றையும் ஒழித்தது. நாடு முழுக்க 2,000க்கும் மேற்பட்டவை, சொத்தோடு அரசுக்குப் போயின. 1548இல் சுரூபங்கள் (புனிதர் சிலைகள்) அனைத்தையும் அகற்ற ஆணை. 1549இல் ஆங்கிலச் செபப் புத்தகம். 1550இல் கல் பீடங்களை இடித்து மர மேசை வைக்கச் சொன்னார்கள். கடைசியாகக் கிண்ணங்களையும் பூசை உடைகளையும் கணக்கெடுத்து அரசு எடுத்துக்கொண்டது.

கிளாப்டன் இறந்து ஐம்பது ஆண்டுதான் ஆகிறது. மோரியெலின் எழுத்தைப் படித்து ஒருவர் முழந்தாளிட்டால் அது இப்போது மூடநம்பிக்கை. உத்தரிக்கிற ஸ்தலமே இல்லை என்றாகிவிட்டது. இருப்பவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஒரு தரப்பு பேச முடியாத நிலையில் மறு தரப்பு அதைச் சட்டம் போட்டு முறித்தது. கம்பளிப் பணத்தின் நினைவுச் சின்னம் என்று வழிகாட்டிகள் இந்தக் கோயிலைச் சொல்கிறபோது எனக்கு மனம் ஒப்புவதில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்கிறது. எதற்காக வந்தது என்பதைச் சொல்லவில்லை.

நல்ல காலம், மெல்ஃபோர்டின் உள்ளே அதுவரை என்ன இருந்தது என்று கண்ணால் பார்த்த ஒருவர் எழுதி வைத்தார். ரோஜர் மார்ட்டின். 1527 வாக்கில் பிறந்தவர், சிறுவனாகப் பழைய கோயிலைப் பார்த்தவர். பழைய கத்தோலிக்க விசுவாசத்தை விடாமல் எலிசபெத் காலத்தில் அதற்காகச் சிறையும் சென்றார். முதுமையில் உட்கார்ந்து, தான் அறிந்த நிலையில் கோயில் எப்படி இருந்தது என்று எழுதினார். பெரிய பீடத்துக்குப் பின்னால் ஒரே மரத்தில் குடைந்து பொன் பூசிய பாடுகளின் காட்சி. கூரையில் பொன் நட்சத்திரங்கள். மரத்தட்டிக்கு மேலே பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் கிறிஸ்து), இருபுறமும் மாதாவும் அருளப்பரும் (யோவான்). ஓர் ஆர்கனும் அங்கே இருந்தது. குருத்து ஞாயிறு ஊர்வலத்தில் நற்கருணையை நான்கு பேர் பிடித்த விதானத்தின் கீழ் கொண்டுவருவார்கள். தீர்க்கதரிசி வேடமிட்ட ஒரு பையன் உயரத்தில் நின்று பாடுவான். மேலிருந்து பூவும் மெல்லிய அப்பமும் சிறுவர்கள் நடுவே விழும். கோடையில் யாகப்பர் (யாக்கோபு) திருநாளின் முன்னிரவில் சொக்கப்பனை கொளுத்தி ஏழைகளுக்கு ஒரு தொட்டி பீர்.

பட்டியலின் நடுவே ஒரு வரி. தன் குடும்பப் பீடத்தின் பின்னே இரண்டு கள்ளர்களோடு சிலுவைக் காட்சிப் பலகை ஒன்று இருந்தது, அது இப்போது சிதைந்த நிலையில் என் வீட்டில் இருக்கிறது, என் வாரிசுகள் அதை ஒருநாள் செப்பனிட்டுத் திரும்பவும் அங்கே வைப்பார்கள் என்று நம்புகிறேன் என்கிறார். மார்ட்டின் 1615இல் இறந்தார். பலகை திரும்பவில்லை.

தறிநாடா எழுதியது:

மனதைத் தொடுகிற எழுத்துதான், மறுக்கவில்லை. ஆனால் மார்ட்டினும் நிலமுள்ள குடும்பம். ஏழைகளுக்குப் பீர் ஊற்றியவர் வீட்டுப் பிள்ளையின் நினைவு அது. குடித்தவர்களின் நினைவு வேறாக இருந்திருக்கலாம்.

கத்தோலிக்க வழிபாட்டை மாற்றிய இந்தச் சீர்திருத்தம் மேலிருந்து திணிக்கப்பட்டது என்று மட்டும் சொல்லிவிட்டால் அந்த வட்டாரத்துக்கே அநியாயம். 1532இல், அரசன் இன்னும் ரோமை விட்டு விலகாத காலத்திலேயே, எசெக்ஸின் டவர்கோர்ட் கோயிலில் புகழ்பெற்ற பாடுபட்ட சுரூபத்தைச் சிலர் இரவில் தூக்கிப்போய்க் கொளுத்தினார்கள். மூவர் தூக்கில் ஏறினார்கள். மெல்ஃபோர்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஹாட்லி துணி நெசவாளர்களின் ஊர். அங்கே வேதாகமத்தை ஆங்கிலத்தில் படிக்கும் ஆர்வம் கொழுந்துவிட்டு எரிந்தது. அதன் பங்குக் குரு ரோலண்ட் டெய்லரைக் கத்தோலிக்க அரசி மேரியின் ஆட்சியில், 1555 பிப்ரவரி 9 அன்று உயிரோடு கொளுத்தினார்கள். அவருக்காக அழுதவர்களும் அதே சஃபோக் மக்கள்தான். தன் மொழியில் வேதத்தைக் கேட்க வேண்டும் என்று ஒரு தறிக்காரர் ஆசைப்பட்டால் அதை அழிவு என்று எப்படிச் சொல்வது?

மணியோசை எழுதியது:

அழிவு என்று சொல்லவில்லை அண்ணா. டெய்லரையும் நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றைப் பெற இன்னொன்றை நொறுக்கியே ஆக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. வேதம் ஆங்கிலத்தில் வரட்டும், நல்லது. மோரியெல் குடும்பத்துக்காக ஒருத்தி மெழுகுதிரி ஏற்றியதால் அந்த வேதத்துக்கு என்ன குறை? குடித்தவர்களின் நினைவு வேறாக இருந்திருக்கும் என்கிறீர்கள், இருக்கலாம். ஆனால் 1549இல் மேற்கே டெவனிலும் கார்ன்வாலிலும் பழைய பூசையைத் திரும்பக் கேட்டுக் கிளர்ந்தெழுந்து ஆயிரக்கணக்கில் செத்தவர்கள் பெரும்பாலும் சாமானியர்கள்தானே.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இருவர் சொல்வதும் உண்மை. 1549இல் மேற்கே பழைய பூசைக்காக எழுந்தார்கள். அதே கோடையில் சஃபோக்குக்கு வடக்கே நார்ஃபோக்கில், மேய்ச்சல் நிலத்தை வேலியிட்டு வளைத்ததை எதிர்த்து ராபர்ட் கெட் தலைமையில் எழுந்தவர்கள் தங்கள் முகாமிலேயே புதிய செபப் புத்தகத்தைப் பயன்படுத்தினார்கள். ஒரே நாடு, ஒரே கோடை. கிழக்கு ஆங்கிலியாவைப் பொறுத்தவரை தறிநாடா சொன்ன ஆர்வத்தைக் கணக்கில் எடுக்காமல் எழுத முடியாது. மார்ட்டினின் நினைவை நான் முன்வைப்பதற்குக் காரணம், தோற்ற தரப்பின் குரல் இவ்வளவு நுணுக்கமாகக் கிடைப்பது அபூர்வம் என்பதால்.

ஸ்டவர்க்கரை எழுதியது:

கோயில்களில் நடந்த அழிப்பின் இரண்டாவது அலையையும் சொல்லிவிடுகிறேன். 1642 ஆகஸ்டில், உள்நாட்டுப் போர் தொடங்கும் நேரத்தில், ஸ்டவர் பள்ளத்தாக்கு முழுக்கக் கலவரம். கத்தோலிக்கச் சீமாட்டி ரிவர்ஸின் மெல்ஃபோர்ட் மாளிகையைக் கூட்டம் சூறையாடியது. அடுத்த ஆண்டு இறுதியில், நாடாளுமன்றப் படைத்தலைவர் மான்செஸ்டர் பிரபுவின் ஆணையோடு, கோயில்களில் மிஞ்சியிருந்த சிலைகளையும் படங்களையும் உடைக்க, சஃபோக்கின் லாக்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த வில்லியம் டவ்சிங் கிளம்பினார். கேம்பிரிட்ஜிலும் சஃபோக்கிலும் 200க்கும் மேற்பட்ட கோயில்கள். எங்கே எதை உடைத்தார் என்று நாள்வாரியாகக் குறிப்பேடு வைத்திருந்தார். மெல்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள கிளேரில் 1644 ஜனவரியில் ஆயிரம் 'மூடநம்பிக்கைப் படங்களை' உடைத்தோம், அதில் இருநூறை நானே உடைத்தேன் என்று எழுதியிருக்கிறார். பித்தளைத் தகடுகளில் 'ஆன்மாவுக்காக வேண்டுங்கள்' என்ற வரி கண்ணில் பட்டால் அதையும் பெயர்த்தார். மெல்ஃபோர்டின் கூரை விளிம்பில் அதே வரி இன்றும் இருப்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று யோசியுங்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் அவர் மேல் போடக்கூடாது. சஃபோக்கிலேயே உள்ள பிளைத்பரோ கோயிலின் மரக்கூரையில் சிறகு விரித்த தேவதூதர்கள். அவற்றில் ஈயக் குண்டுகள். டவ்சிங்கின் ஆட்கள் சுட்டது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். செப்பனிடும்போது குண்டுகளை ஆராய்ந்தால் அவை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கூரையில் அடைந்த ஜாக்டா காக்கைகளைச் சுடுவதற்காக மருந்துக்கும் குண்டுக்கும் பணம் கொடுத்த பதிவு 1761ஆம் ஆண்டுக் கோயில் கணக்கில் இருக்கிறது.

கட்டடப்பொறி எழுதியது:

மெல்ஃபோர்டில் வேறு என்ன தப்பியது? கண்ணாடி இருக்கிறதா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

இருக்கிறது, அதுவும் நிறைய. சிதறிக் கிடந்த 15ஆம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிகளைச் சேர்த்து வடபுற ஜன்னல்களில் வைத்திருக்கிறார்கள். முழந்தாளிட்ட கொடையாளர்கள், அவர்களில் நார்ஃபோக் சீமாட்டி எலிசபெத் டால்பட். இறந்த மகனை மடியில் ஏந்திய மாதா. மூன்று முயல்கள் துரத்திக்கொள்ளும் சிறு வட்டக் கண்ணாடி ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து மூன்றே காதுகள். கிளாப்டன் சிற்றாலயத்தில் லீலி மலர்ச்செடியின் மேல் அறையப்பட்ட கிறிஸ்து. மூன்று ராஜாக்கள் குழந்தை இயேசுவை வணங்கும் அலபாஸ்டர் (மென்மையான வெண்கல்) புடைப்புச் சிற்பம் ஒன்று 18ஆம் நூற்றாண்டில் தரைக்கு அடியில் கிடைத்தது. மறைத்து வைத்தவர் யாராக இருந்தாலும், அது நொறுங்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார்.

மாதா சிற்றாலயத்துக்கு இன்னொரு வாழ்க்கை கிடைத்தது. 1670 வாக்கிலிருந்து அது ஊர்ப் பள்ளிக்கூடம். சுவரில் எழுதிய பெருக்கல் வாய்ப்பாடு இன்னும் இருக்கிறது. மாதாவுக்குக் கட்டிய இடத்தில் பிள்ளைகள் கணக்குப் படித்ததில் எனக்கு ஒரு சந்தோஷமே. சும்மா பூட்டிக் கிடந்திருந்தால் இடிந்து போயிருக்கும்.

தறிநாடா எழுதியது:

தறிக்காரர்களின் பிள்ளைகளும் அதில் படித்திருப்பார்கள். அந்த வாய்ப்பாட்டையும் உங்கள் எழுத்துத்தொடர்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள் சார். 1496இன் வரியும் அதுவும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன.

புதுவாசகன் எழுதியது:

கட்டாயம் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. எப்படிப் போவது, எந்த வரிசையில் பார்ப்பது?

ஸ்டவர்க்கரை எழுதியது:

லண்டனிலிருந்து ரயிலில் மார்க்ஸ் டே, அங்கே மாறி சட்பரி வரை. மெல்ஃபோர்டின் சொந்த ரயில் நிலையம் 1967இல் மூடிவிட்டது, அதனால் சட்பரியிலிருந்து பேருந்தோ வாடகைக் காரோ, சுமார் மூன்று மைல்.

உள்ளே போகும் முன் தெற்குப் பக்கம் முழுக்க வெளியில் நடந்து கூரை விளிம்பைப் படியுங்கள். தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள், இடைக்கால எழுத்து வடிவம் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அப்புறம் வடபுறக் கண்ணாடிகள், கிளாப்டன் கல்லறை, சிற்றாலயம். பீடப்பகுதியில் சர் வில்லியம் கார்டெலின் பெரிய கல்லறை இருக்கிறது. மெல்ஃபோர்ட் மாளிகையைக் கட்டியவர், 1581இல் இறந்தவர். எந்த இடத்திலும் அவசரப்படாதீர்கள். முதல் உலகப் போர்க் கவிஞர் எட்மண்ட் பிளண்டன் அங்கேதான் அடக்கம், கல்லறைத் தோட்டத்தில் தேடினால் கிடைப்பார். கார் இருந்தால் அதே நாளில் லாவென்ஹாமையும் சேர்த்துவிடலாம், ஐந்து மைல்கூட வராது. கிளம்புவதற்கு முன் கோயில் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடக்க ஆராதனையோ திருமணமோ இருந்தால் உள்ளே சுற்ற முடியாது. அது இன்றும் ஊராரின் பங்குக் கோயில்.